விளையாட்டுக்குள் வேலை புகுந்தால்

கிளிநொச்சிப் பக்கத்துச் சனசமூக நிலையங்களில் பின்னேரம் 304 அடிக்கும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. நாலு வகைக்கும் சேர்த்துக் கூட்டினால் 304 வரும். வருசக்கணக்காக அதே கணக்கு, அதே கூட்டாளிகள், துரும்பைப் பற்றி அதே சண்டை. இவர்களில் ஒருவர் "எனக்கு 304 விட்டுப்போச்சு" என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் மாகாணமட்டச் செஸ் வரைக்கும் போன பிள்ளை பதினாறு வயதில் பலகையைத் தொடவே மறுக்கிறது. லண்டனில் இருக்கும் மச்சான், ஆயிரக்கணக்கான பவுண்சுக்கு வாங்கிய போர் விளையாட்டுப் பெட்டிகளை அலுமாரிக்கு மேலே அடுக்கிவிட்டு, அந்தப் பக்கம் பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது என்கிறார். ஆசைப்பட்டு எடுத்த விளையாட்டு ஏன் இப்படிக் கசக்கிறது, கசந்தால் என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

மேசைமேல் நடத்தும் போர் விளையாட்டு என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். சதுரங்கமும் ஒரு வகையில் அதுதான். தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையை ஒரு பலகைக்குள் அடக்கியது. மூன்று புலிக்கு எதிராகப் பதினைந்து ஆடுகளை நிறுத்தும் ஆடுபுலி ஆட்டமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இன்றைய வடிவம் பிரஷ்யாவில் தொடங்கியது. ரைஸ்விட்ஸ் என்ற தந்தை 1812இல் அரசருக்குக் காட்டிய விளையாட்டை, மகன் 1824இல் படை அதிகாரிகளுக்கான பயிற்சியாகத் திருத்தி எழுதினார். 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பொம்மைப் போர்வீரர்களை வைத்து வீட்டுக்குள்ளே விளையாடும் விதிகளைப் புத்தகமாகப் போட்டார். இப்போது உலகெங்கும் பெயர்பெற்றது 'வோர்ஹாமர்'. அதன் விண்வெளிப் போர் வடிவமான 'வோர்ஹாமர் 40,000', நொட்டிங்ஹாமில் இருக்கும் கேம்ஸ் வேர்க்ஷொப் நிறுவனத்தால் 1987இல் வந்தது. விரல் உயரச் சிற்றுருவங்களைத் துண்டு துண்டாக வாங்கி, ஒட்டி, வண்ணம் பூசி, ஒரு படையாகச் சேர்த்து, அளவுநாடாவும் தாயக்கட்டைகளுமாக ஆடுவார்கள். வன்னியில் இதை விற்கும் கடை எதையும் நான் கண்டதில்லை. வெளிநாட்டு உறவுகளின் பயணப்பொதி வழியாகத்தான் இங்கே வந்து சேரும்.

ஆசைப்பட்டுச் செய்யும் காரியமும் ஒருவரைச் சோர்த்துவிடும் என்பதை மருத்துவ உலகம் கவனித்து நெடுநாளாகிவிட்டது. 1974இல் நியூயோர்க் உளவியலாளர் ஹேர்பேர்ட் பிறைடன்பேர்கர் இப்படி எரிந்து தீர்ந்துபோகும் நிலையைப் பற்றி எழுதினார். அவர் அதைக் கண்டது ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டாக வேலை செய்தவர்களிடம். அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, தாங்களாகவே விரும்பி வந்தவர்கள். 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு மூன்று அடையாளங்களை வகுத்தது: சக்தி வற்றிப்போதல், வேலையில் மனம் விலகிக் கசத்தல், எதையும் ஒழுங்காகச் செய்கிறோமில்லை என்ற எண்ணம். கூடவே, இந்தச் சொல்லைத் தொழில் சார்ந்த நிலைக்கு மட்டும்தான் பாவிக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்த வரம்பை நான் ஒரு துப்பாக எடுத்துக்கொள்கிறேன். பொழுதுபோக்கில் இதே மூன்று அடையாளமும் தெரிந்தால், அதற்குள் எங்கோ ஒரு வேலை புகுந்துவிட்டது. எந்த வழியால் புகுந்தது என்று தேட வேண்டும்.

போர் விளையாட்டில் அது பெரும்பாலும் பெட்டி வழியாகத்தான் வரும். வாங்குவது ஒரு நிமிட வேலை. ஒட்டி, அடிப்பூச்சு அடித்து, நிறம் தீட்டி முடிக்க ஓர் உருவத்துக்கே மணிக்கணக்காகும். ஒரு படைக்கு ஐம்பது, நூறு உருவம் வேண்டும். ஆகவே வாங்கும் வேகமும் பூசும் வேகமும் ஒருபோதும் ஒத்துப்போவதில்லை. பூசாத பெட்டி ஒவ்வொன்றும் செய்யாத வீட்டுவேலை மாதிரிக் கண்ணில் குத்தும். போதாததற்கு விதிப்புத்தகமும் மாறிக்கொண்டே இருக்கும். வோர்ஹாமர் 40,000இன் எட்டாம் பதிப்பு 2017இல் வந்தது, ஒன்பதாம் பதிப்பு 2020இல், பத்தாம் பதிப்பு 2023இல். மூன்று வருசத்துக்கு ஒருதடவை, படித்ததை மறந்துவிட்டுத் திரும்பப் படிக்க வேண்டும். நேற்றுப் பலமாயிருந்த படை இன்றைக்கு நொய்ந்துவிடும், அதற்கு மருந்தாக இன்னொரு பெட்டி விற்பனைக்கு வரும். இது விற்கிறவரின் தேவைக்கு அமைந்த ஓட்டம். கூட ஓடியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பழைய பதிப்பையே வைத்துக்கொண்டு ஆடும் குழுக்கள் எத்தனையோ இருக்கின்றன. 304க்குப் புதிய பதிப்பு வருவதில்லை என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறி, மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனபோது, இங்கிருந்து இந்தப் பெட்டிகளை வாங்குவது நினைத்தும் பார்க்க முடியாத காரியமாயிற்று. வாங்க முடியாத இடத்தில் வேறு வழிகள் உண்டு. தடித்த மட்டையில் வெட்டி நிறுத்திய உருவங்கள், சோடா மூடி, புளியங்கொட்டை, எதை வைத்தும் படை நடத்தலாம். 'வன் பேஜ் ரூல்ஸ்' என்று இலவசமாகவே கிடைக்கும் சுருக்கமான விதிகளும் இருக்கின்றன. எந்த நிறுவனத்து உருவமாக இருந்தாலும் அவை ஏற்றுக்கொள்ளும்.

பிள்ளைகளின் செஸ்ஸுக்குள் வேலை வருவது வேறு வழியால். அந்த வழிக்குப் பெயர் சான்றிதழ். கோட்டமட்டம், வலயமட்டம், மாகாணமட்டம் என்று கோப்பு தடிக்கத் தடிக்க, விளையாட்டு நேர்முகத் தேர்வுக்கான ஆவணமாக மாறிவிடுகிறது. 1973இல் லெப்பர், கிறீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் பாலர் பாடசாலைப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். வண்ணப் பேனாவால் படம் கீறுவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகள் அவர்கள். ஒரு பகுதிக்கு, கீறினால் ரிபன் கட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதிக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மற்றப் பகுதிக்கு ஒன்றும் இல்லை. பிறகு ஒருநாள் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தபோது, சான்றிதழ் வாக்களிக்கப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பாதியளவு நேரமே கீறினார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவில்லை. ஆகவே பரிசைக் குற்றம் சொல்ல முடியாது, பரிசுக்காகத்தான் செய்கிறோம் என்ற நினைப்புத்தான் ஆசையைத் தின்றது. பெற்றோர் செய்யக்கூடியது எளிது. போட்டியால் வந்த பிள்ளையிடம் "எத்தினையாம் இடம்?" என்று கேட்பதைக் கொஞ்சநாள் விட்டுவிட்டு, "எந்த ஆட்டம் நல்லா இருந்தது?" என்று கேட்கலாம்.

உச்சியில் இருந்தவர்களுக்கும் இது நடந்தது. 2023 ஏப்ரல் 30ஆம் திகதி அஸ்தானாவில் நெப்பொம்னியாச்சியை வென்று சீனாவின் டிங் லிரென் உலக செஸ் சம்பியனானார். ஒரு வாரம் கழியுமுன்னரே ருமேனியாவில் அடுத்த போட்டியில் உட்கார்ந்தார். அதன் பிறகு அந்த வருசம் முழுதும் நீள ஆட்டப் பலகையில் அவரைக் காணவில்லை. மனச்சோர்வும் களைப்பும் தன்னைப் பிடித்ததை அவர் மறைக்காமல் பேசினார். 2024 ஜனவரியில் திரும்பி வந்தபோதும் பழைய ஆளாக வரவில்லை. அதே வருசம் டிசம்பர் 12ஆம் திகதி சிங்கப்பூரில் கடைசி ஆட்டமான பதினாலாவதில் தோற்று, இந்தியாவின் பதினெட்டு வயதுக் குகேஷிடம் பட்டத்தைக் கொடுத்தார். ஓய்வு எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்கள் இந்தக் கதையைக் கவனிக்க வேண்டும். இறக்கி வைத்த பாரத்தையே திரும்ப வந்து தூக்குவதானால் ஓய்வு அரைவாசி மருந்துதான்.

டிங்குக்கு முன் உலகச் சம்பியனாக இருந்த மக்னஸ் கார்ல்சன் வேறு விதமாகச் செய்தார். உலகப் பட்டத்துக்காக இன்னொரு தடவை மோத மனமில்லை என்று 2022 யூலையில் அறிவித்து, அதை மட்டும் வெட்டி எறிந்தார். செஸ்ஸை விடவில்லை. அதே வருசக் கடைசியில் துரித ஆட்டத்திலும் மின்னல் ஆட்டத்திலும் உலகப் பட்டம் வென்றார். பின்வரிசைக் காய்களைக் குலுக்கி வைத்து ஆடும் வடிவத்தில், அதாவது பொபி பிஷர் 1996இல் அறிவித்த வடிவத்தில், இப்போது பெரிய ஆர்வத்தோடு ஆடுகிறார். மாதக்கணக்கான தயாரிப்புத்தான் அவருக்குக் கசந்தது, காய் நகர்த்துவது கசக்கவில்லை. இந்தியாவின் விஸ்வநாதன் ஆனந்தோ, 2013 நவம்பரில் சொந்தச் சென்னையில் பட்டத்தை இழந்த பிறகு, அடுத்த தகுதிப் போட்டிக்குப் போவதா என்றே தயங்கினார். எதிராளியாகவும் நண்பராகவும் இருந்த கிராம்னிக் தூண்டினார். 2014 மார்ச்சில் அந்தப் போட்டியை ஆனந்த் வென்றார். மூவரில் எனக்குப் பிடித்தது கார்ல்சனின் வழி. எது கசக்கிறது என்று பிரித்துப் பார்த்து, அதை மட்டும் கழித்தார்.

இரணைமடுக் குளத்தின் கீழ்ச் சிறுபோகம் செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று பார்த்து, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இந்தமுறை இவ்வளவு ஏக்கர்தான் என்று முடிவுசெய்து, அதற்குத்தான் விதைப்பார்கள். பொழுதுபோக்கிலும் கையிலுள்ள மனத்துக்கு அளவாக இறங்கலாம். நூறு உருவப் படையை மூடி வைத்துவிட்டு ஏறத்தாழப் பத்து உருவத்தோடு முடியும் 'கில் ரீம்' மாதிரிச் சிறிய ஆட்டம் ஆடலாம். இருக்கிற பெட்டி முடியும்வரை புதியது வாங்குவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பூசப் பிடிக்காதவர் பூசாமலே ஆடட்டும், ஆடப் பிடிக்காதவர் பூசிக்கொண்டே இருக்கட்டும். இரண்டும் ஒன்றாகத்தான் போகவேண்டும் என்பதில்லை. போனில் நாள் முழுக்க மூன்று நிமிடச் செஸ் ஆடித் தரப்புள்ளி ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பவர், அந்த இலக்கத்தை மறைத்து வைக்கும் வசதியைத் தேடிப் பார்க்கட்டும்.

இன்னொரு காரணம் வன்னியில் அடிக்கடி நடக்கிறது, ஆனால் அதைச் சோர்வு என்று தவறாக நினைத்துவிடுகிறோம். கூட விளையாடியவன் கொழும்புக்கோ கட்டாருக்கோ கனடாவுக்கோ போய்விட்டான். ஆட்டம் அலுக்கவில்லை, ஆள்தான் இல்லை. தனியாக உட்கார்ந்து இன்னும் கெட்டிக்காரராகப் பயிற்சி செய்வது இதற்கு மருந்தாகாது. நாளுக்கொரு நகர்த்தல் என்று போனில் அவனோடேயே ஆடலாம், அல்லது ஒழுங்கையில் உள்ள சின்னப் பெடியன் ஒருவனுக்குப் பழக்கலாம். பழக்கும்போது விளையாட்டு ஆரம்பத்தில் எப்படியிருந்ததோ அப்படியே கொஞ்சம் திரும்பி வரும்.

இனி வருவது வேறு விசயம், இதைச் சோர்வோடு குழப்பக்கூடாது. 2009 மே வரைக்கும் இந்த மண்ணில் உண்மையான போர் நடந்தது. அதற்குள் இருந்து வந்தவர், மேசையில் தாயக்கட்டை உருட்டி இத்தனை பேர் செத்தார்கள் என்று உருவங்களை எடுத்து வைக்கும்போது கை நின்றுபோனால், அது ஆர்வக்குறைவு அல்ல. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னியின் கூட்டு மனவடுவைப் பற்றி 2010இல் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த வடு எதில் தட்டுப்படும் என்று முன்கூட்டிச் சொல்ல ஏலாது. சிலருக்குப் பூதங்களும் விண்வெளியும் ஒன்றும் செய்யாது, ஷெல்லும் பங்கரும் வந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளாது. சிலருக்கு எதுவும் ஒத்துக்கொள்ளாது. அவர்களிடம் "விளையாட்டுத்தானே" என்று சொல்லி இழுக்க வேண்டாம். கரம் போர்ட்டை எடுத்து வையுங்கள்.

விளையாட்டில் மட்டும் அல்லாமல் சாப்பாடு, நித்திரை, ஆக்களோடு கதைப்பது எல்லாவற்றிலும் மனம் இரண்டு கிழமைக்கு மேல் விட்டுப்போயிருந்தால், பொழுதுபோக்கை மாற்றிப் பயனில்லை. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

கடைசியில் ஒரேயடியாக விடுவதென்று முடிவெடுத்தவர்களுக்கு. விடுவதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, செலவழித்த காசைத் திரும்ப எடுக்கவென்று இன்னும் இரண்டு வருசம் முக்கிக்கொண்டு ஆடவும் தேவையில்லை. ஆனால் அவசரப்பட்டும் கொடுத்துவிடாதீர்கள். கண்ணில் படாத இடத்தில் ஒரு காலபோகம் முழுதும் வைத்துவிட்டு, அறுவடை முடிந்த பிறகு யோசியுங்கள். வன்னி வெயிலுக்கு வண்ணப்புட்டிகள் காய்ந்துவிடும், பசையும் இறுகிவிடும், அவற்றை முதலிலேயே பாடசாலைச் சித்திரப் பாடத்துக்குக் கொடுத்துவிடலாம். பிளாஸ்ரிக் உருவங்கள் எத்தனை வருசமும் கிடக்கும், தகர வீட்டின் கூரையடியில் மட்டும் வைக்காதீர்கள், சூட்டில் வளைந்துவிடும். விற்பதானால் அரைகுறையாகப் பூசியதைவிட, பிரிக்காத பெட்டிக்கே கூடுதலான விலை கிடைக்கும்.