ஆறு ஓடாத மலை

ஜப்பானின் ஃபூஜி மலை 3776 மீட்டர் உயரம். வருடத்தில் பாதிக்கு மேல் அதன் உச்சியில் பனி கிடக்கிறது. கோடையில் மழையும் புயலும் வந்து கொட்டுகின்றன. இத்தனை தண்ணீரை வாங்கிக்கொள்ளும் அந்தச் சரிவுகளில், ஆண்டு முழுதும் ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை. உலகெங்கும் அச்சாகும் ஃபூஜி படங்களில் இது தெரியாது. ஆனால் அந்த மலை ஏன் அவ்வளவு அழகு, ஏன் அதைத் தெய்வமாக வணங்கினார்கள் என்று கேட்டால், அங்கே விழுந்த தண்ணீர் போன வழியைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

யூரேசியா, வட அமெரிக்கா, பிலிப்பைன் கடல் என்னும் மூன்று புவித் தட்டுகள் சந்திக்கிற இடத்தில் ஃபூஜி நிற்கிறது. ஜப்பானின் மற்ற பெரிய எரிமலைகள் பெரும்பாலும் ஆண்டிசைட் என்ற பிசுபிசுப்பான குழம்பைக் கக்குபவை. ஃபூஜி கக்குவது பசால்ட். இளகலானது, வேகமாக ஓடக்கூடியது. சுமார் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன் எழுந்த பழைய ஃபூஜியின் மேல், கடந்த பத்தாயிரம் ஆண்டுகளாகப் புதிய ஃபூஜி படிந்து வளர்ந்தது. உச்சியிலிருந்து எறியப்பட்ட கல்லும் கசடும் பக்கத்திலேயே விழுந்து செங்குத்தாகக் குவிந்தன. இளகிய குழம்போ தூரம் ஓடி அடிவாரத்தைத் தாழ்வாக விரித்தது. மேலே நிமிர்ந்து, கீழே வர வர நீண்டு சாய்கிற அந்த வளைகோடு இப்படி உண்டானது.

அந்தக் குழம்பு ஆறி இறுகும்போது வெடிப்பும் துளையும் விட்டு இறுகுகிறது. அதனால் மலையின் மேற்போர்வை முழுதும் ஒரு சல்லடைதான். மழையும் உருகிய பனியும் அதில் இறங்கி, ஆண்டுக்கணக்கில் இருட்டிலேயே நகர்ந்து, பழைய ஃபூஜியின் நீர்புகாத சேற்றுப்படிவம் குறுக்கிடும்போது அதன்மேல் வழிந்து அடிவாரத்தில் வெளிப்படுகின்றன. மேற்கே ஷிராயிதோ அருவியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 20 மீட்டர் உயரமுள்ள பாறைச் சுவரின் நடுவிலிருந்து, சுமார் 150 மீட்டர் அகலத்துக்கு, எண்ணற்ற வெள்ளை இழைகளாக நீர் இறங்குகிறது. இழைகள் தொடங்கும் கோட்டுக்கு மேலே இருப்பது புதிய ஃபூஜி, கீழே இருப்பது பழையது. தென்கிழக்கே கக்கிதா ஊற்றில் நாளொன்றுக்குச் சுமார் பத்து லட்சம் டன் தண்ணீர் பொங்குகிறது. அங்கே பிறக்கும் ஆறு 1.2 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. அதற்குள் கானோ ஆற்றில் கலந்துவிடுகிறது.

இனி அந்த மலையை வணங்கிய கோயிலுக்கு வருவோம். 800 முதல் 802 வரை ஃபூஜி சீறியது. ஆஷிகாரா நெடுஞ்சாலை மூடிப்போய், ஹக்கோனே வழியாகப் பாதை திறக்க வேண்டியிருந்தது. 806இல் மலையின் தெய்வத்துக்கு இன்றைய ஃபூஜினோமியா நகரில் செங்கென் தலைமைக் கோயில் எழுந்தது என்கிறது கோயில் வரலாறு. அதற்கு முன் வழிபாடு நடந்த இடம் யமாமியா. அங்கே இன்றும் கருவறை கிடையாது; கல் அடுக்கிய வழிபாட்டுத் தரையும் எதிரே மலையும் மட்டுமே. அங்கிருந்து தெய்வம் குடிவந்தது வகுதமா குளக்கரைக்கு. எரிமலைப் பாறையின் விளிம்பில் ஊற்று பெருகும் குளம் அது. எரிகிற மலையைத் தணிக்க, அந்த மலையே தருகிற குளிர்ந்த நீரருகே தெய்வத்தை இருத்தியது எவ்வளவு நுட்பமான முடிவு! மலையேறும் பக்தர்கள் அந்தக் குளத்தில் உடலைத் தூய்மை செய்துகொண்டுதான் புறப்பட்டார்கள். கோயிலின் தெய்வம் கொனோஹனசகுயாஹிமே. தன் கற்பைச் சந்தேகித்த கணவன்முன் பிரசவக் குடிசைக்குத் தீயிட்டு, அந்தத் தீக்குள்ளேயே பிள்ளை பெற்று மீண்டவள் என்பது புராணம். ஒரு பெண் தெய்வத்தின் மலையில் 1872 வரை பெண்கள் உச்சிக்கு ஏறத் தடை இருந்தது என்பது வேதனையான முரண்.

நீரும் நெருப்பும் நேருக்கு நேர் மோதியது 864இல். வடமேற்குச் சரிவு பிளந்து வழிந்த குழம்பு சேனோஉமி என்ற பெரிய ஏரிக்குள் புகுந்தது. ஏரியின் பெரும்பகுதி தூர்ந்து, மிஞ்சியவை சாய்கோ, ஷோஜிகோ என்ற இரண்டு ஏரிகள். அவற்றுடன் அருகிலுள்ள மொதொசுகோவையும் சேர்த்து மூன்றின் நீர்மட்டமும் இன்றைக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறி இறங்குகிறது. நிலத்தடியில் தொடர்பு அறவில்லை. தூர்த்த பாறைமேல் இன்று அஒகிகாஹாரா காடு நிற்கிறது. மண் மெல்லிய படலம்தான் என்பதால் வேர்கள் கீழே இறங்க வழியின்றிப் பாறைமேல் பாம்பாக ஊர்கின்றன.

கடைசியாக வெடித்தது 1707 டிசம்பரில். பெரும் நிலநடுக்கம் வந்து 49 நாள் கழித்துத் தென்கிழக்குச் சரிவு உடைந்தது. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்த எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், சாம்பல் விழுந்து பகலிலேயே விளக்கேற்ற நேர்ந்தது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 26இல் வடக்கு அடிவார ஊரான ஃபூஜியோஷிதாவில் ஃபூஜி வடிவச் செந்நிறப் பல்லக்கைச் சுமந்து வருகிறார்கள்; மூன்று மீட்டர் உயரத் தீப்பந்தங்களை வீதி நெடுகக் கொளுத்துகிறார்கள். மலை அமைதியாக இருக்க வேண்டும் என்ற வேண்டுதல் அது.

2013இல் யுனெஸ்கோ ஃபூஜியை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இயற்கைச் சின்னமாக அல்ல, பண்பாட்டுச் சின்னமாக. பட்டியலில் உள்ள 25 இடங்களில் வகுதமா குளத்துக் கோயிலும் ஷிராயிதோவும் ஏரிகளும் அடங்கும். இதுவே சரியான தீர்ப்பு. மலையேற்றம் ஜூலை முதல் செப்டம்பர் தொடக்கம் வரைதான். 2025 முதல் அதற்கு 4000 யென் கட்டணமும் உண்டு. ஜப்பான் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்து, உச்சிக்கு ஏற முடியாமல் போனால் வருந்தாதீர்கள். ஃபூஜினோமியாவுக்கு ரயிலேறி, அந்தக் குளத்தின் நீரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.