காரின் பந்து மூட்டு

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை அமரவிளையில் நெய்யாற்றைக் கடந்து, உதியன்குளங்கரை, பாறசாலை வழியே களியக்காவிளையை அடைகிறது. 1956 நவம்பர் 1-ந் தேதி மாநில எல்லை இவ்விடத்தில் வகுக்கப்பட்டது. எனினும் கே.எல். 19, கே.எல். 20 என்ற எண்களைத் தாங்கிய கார்களும், டி.என். 75 என்ற எண்ணைத் தாங்கிய கார்களும் இன்றும் ஒரே சந்தைக்கும் ஒரே கல்யாண வீட்டுக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் பல வயதான கார்கள். நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் மேடும் பள்ளமுமான செம்மண் பாதை. ஆண்டில் இரண்டு பருவமழை. இந்தச் சூழ்நிலையில் முதலில் தேய்ந்துபோகும் உறுப்புகளுள் ஒன்று பந்து மூட்டு. பட்டறைக்காரர் இதைப் பால் ஜாயின்ட் என்பர்.

நமது இடுப்பெலும்பின் கிண்ணத்தில் தொடையெலும்பின் உருண்டைத் தலை பொருந்தியிருப்பதை நாம் அறிவோம். காரிலும் அதே ஏற்பாடுதான். சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்னும் இரும்புப் பகுதியும், லோயர் ஆர்ம் என்னும் கீழ்க்கையும் ஓர் உருக்குப் பந்தினால் இணைக்கப்படுகின்றன. சக்கரம் மேலும் கீழும் அசையவும், இடமும் வலமும் திரும்பவும் இந்த ஒரு மூட்டே இடங்கொடுக்கிறது. பந்தைச் சுற்றிக் கிரீஸ் உண்டு. அதைக் காப்பது ஒரு ரப்பர் உறை. உறை கிழிந்தால் மழைநீரும் மணலும் உள்ளே புகும், கிரீஸ் வெளியேறும், பிறகு பந்தும் கிண்ணமும் ஒன்றையொன்று அரைக்கத் தொடங்கும்.

தேய்மானத்தின் அறிகுறிகள் யாவை? வேகத்தடையின் மேல் ஏறி இறங்கும்போது 'டக்' என்ற ஓசை, ஸ்டியரிங்கின் தள்ளாட்டம், டயர் ஒரு பக்கமாகத் தேய்தல் ஆகியவை. ஓசைதானே என்று அலட்சியம் செய்வோர் பலர். தேய்ந்த பந்து ஒருநாள் கிண்ணத்தைவிட்டுக் கழன்றுவிட்டால், சக்கரம் மடங்கி, கார் ஓட்டுபவரின் கட்டுப்பாட்டை மீறிவிடும். எதிரே லாரி வரும் நெடுஞ்சாலையில் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

பரிசோதனை எளியது. சமதரையில் காரை நிறுத்தி, கைபிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, முன்சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்த வேண்டும். உடனே உறுதியான இரும்புத் தாங்கியை அடியில் வைத்துவிட வேண்டும். நம் பக்கத்தில் எளிதில் கிடைக்கும் வெட்டுக்கல்லை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்துவது பெரும் பிழை. கல் திடீரென உடையும். அடியில் கிடப்பவருக்குத் தப்ப நேரமிராது. பின்பு சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுக. ஆட்டம் நின்றுவிட்டால் குறை சக்கர பேரிங்கில் இருக்கலாம். நில்லாவிட்டால் பந்து மூட்டையே சந்தேகிக்க வேண்டும்.

வீட்டிலேயே மாற்றலாமா? அது காரின் அமைப்பைப் பொறுத்தது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 போன்ற சிறு கார்களின் முன்புறத்தில் மக்பர்சன் அமைப்பு உண்டு. அதில் ஸ்பிரிங்கின் பாரம் கீழ்மூட்டின்மேல் விழுவதில்லை. ஆதலால் வேலை ஓரளவு எளிது. மேலும் கீழும் இரு கைகள் அமைந்து, கீழ்க்கையின்மேல் ஸ்பிரிங் அமர்ந்துள்ள வண்டிகளிலோ, மூட்டைக் கழற்றியவுடன் ஸ்பிரிங் பாய்ந்து உயிருக்கே உலைவைக்கக்கூடும். இவற்றையும், பிரஸ்ஸினால் அழுத்திப் பொருத்தப்படும் மூட்டுகளையும் பட்டறைக்கே விட்டுவிடுவது நலம்.

எளிய வகையில் முறை இதுவே. சக்கரத்தைக் கழற்றியபின், மூட்டின் நட்டிலுள்ள பிளவு ஊசியை நீக்கி நட்டைத் தளர்த்துக. கூம்பாய் இறுகியிருக்கும் தண்டைப் புல்லர் கருவியால் விடுவிக்க வேண்டும். பிரேக் குழாய் இழுபடாதவாறு நக்கிளைக் கயிற்றால் கட்டிவைக்க வேண்டும். கீழ்க்கையில் போல்ட்டால் பிணைந்த மூட்டானால் மூட்டை மட்டும் மாற்றலாம். கையோடு ஒன்றாய் வார்த்ததானால் கையையே மாற்ற வேண்டும். புதிய மூட்டைப் பொருத்தியதும், கார்க் கம்பெனியின் கையேடு கூறும் அளவுக்கு டார்க் ஸ்பானரால் முடுக்குக. ஊசிக்குரிய துளை நேராக வராவிட்டால் நட்டைச் சற்று முன்னோக்கி இறுக்க வேண்டுமேயன்றி, ஒருபோதும் பின்னோக்கித் தளர்த்தலாகாது. பழைய ஊசியையும் மீண்டும் பயன்படுத்தலாகாது. கையின் ரப்பர் புஷ்ஷுக்குரிய போல்ட்டை மட்டும், கார் தன் சக்கரங்களில் நின்றபின் முடுக்க வேண்டும். இல்லாவிடில் ரப்பர் முறுக்குண்டு விரைவில் கிழியும்.

வேலை முடிந்ததும் சக்கர அலைன்மென்ட் பார்ப்பது அவசியம். சில நாள் ஓடியபின் நட்டுகளை மறுமுறை சோதிப்பதும் நன்று.

தன் கையால் செய்வதில் பெருமை உண்டு, பணமும் மிச்சம். ஆனால் ஒரு நட்டைப் பற்றியேனும் மனத்தில் ஐயம் நின்றால், அந்தக் காரை வீதிக்கு எடுக்காமல் நல்ல மெக்கானிக் ஒருவரை வீட்டுக்கு அழைத்துக் காட்டிவிடுவோம். அந்த வண்டியில் ஏறப்போகிறவர்கள் நம் குடும்பத்தார் அல்லவா?