மூன்றிலக்கத்தில் ஒரு மறுமொழி

தொலைபேசியில் ஒருவரை அழைக்கிறோம். பதில் இல்லை. உடனே, "வேண்டுமென்றே எடுக்கவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த மௌனத்தில் எத்தனை வகை உண்டு என்பதை நான் சென்ற கோடை விடுமுறையில்தான் அறிந்தேன்.

அப்போது ஒரு தனியார் அலுவலகத்தின் கணிப்பொறிப் பிரிவில் சிறு வேலை பார்த்து வந்தேன். அங்கிருந்தவை யாவும் இணையவழித் தொலைபேசிகள். வரவேற்பறையில் பணிபுரிந்த அக்கா ஒருவர் அழைப்புகளை எடுப்பதே இல்லை என்று அடுத்தடுத்துப் புகார்கள் வந்தன. அவரை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. "மணி அடிச்சாத்தானே தம்பி எடுக்க முடியும்?" என்றார் அவர். நம்புவார் இல்லை. அழைப்புப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. அதில் இருந்தவையோ வெறும் எண்கள்!

இணையத்தில் குரலைக் கொண்டு செல்வது ஒரு வேலை. அழைப்பைத் தொடங்கி முடித்து வைப்பது வேறொரு வேலை. இரண்டாவதற்குப் பரவலாகப் பயன்படுவது 'சிப்' என்னும் நெறிமுறை. ஹென்னிங் சுல்ஸ்ரின், மார்க் ஹேண்ட்லி முதலியோர் ஆக்கிய இதன் வரையறை 1999இல் வெளிவந்தது. 2002இல் திருத்தி எழுதப்பட்டது. அழைக்கும் கருவி 'இன்வைட்' என்றொரு செய்தியை அனுப்பும். மறுமுனைக் கருவியோ இடையிலுள்ள சர்வரோ மூன்றிலக்க எண் ஒன்றால் மறுமொழி கூறும்.

திரும்பி வரும் தபாலின் உறைமீது 'வாங்க மறுத்தார்' என்றோ, 'அப்படி ஒருவர் இல்லை' என்றோ தபால்காரர் எழுதுவாரல்லவா? அத்தகைய குறிப்புகளே இவை. 603 என்றால் மறுத்துவிட்டார். 404 என்றால் அப்படி ஒருவர் இல்லை. 480 என்றால் ஆள் உண்டு, இப்போது கிடைக்கமாட்டார். 486 என்றால் இந்தக் கருவியில் வேறு பேச்சில் இருக்கிறார். 600 என்றால் அவருடைய எந்தக் கருவியில் தேடியும் பயனில்லை. 5இல் தொடங்குபவை சர்வரின் கோளாறுகள். 401ஐக் கண்டு முதலில் நான் அஞ்சினேன். அது மறுப்பே அன்று, "நீ யார்? கடவுச்சொல் அறிந்தவன் என்று காட்டு" என்னும் கேள்விதான். தக்க விடையோடு மீண்டும் கேட்டால் 200, அதாவது 'சரி', வந்துவிடும்.

இனி அக்காவின் வழக்கிற்கு வருவோம். செய்தி கிடைத்ததும் சர்வர் 100 என்று சொல்லும்: 'முயல்கிறேன்'. மணி அடிக்கத் தொடங்கியதும் அவருடைய தொலைபேசியே 180 என்று சொல்ல வேண்டும். அடித்தும் எடுக்காமல், அழைத்தவர் சலித்துத் துண்டித்தால் 487 பதிவாகும். அக்கா அசட்டையாக இருந்திருந்தால் 100, 180, 487 என்ற வரிசை இருக்க வேண்டும். (ஒலியைக் குறைத்து வைத்திருந்தாலும் 180 வரும், அதை எந்த எண்ணும் காட்டிக்கொடுக்காது.)

நான் கண்டதோ 100, அதன்பின் 408. இடையில் 180 இல்லை! 408 என்பது 'காலம் கடந்தும் பதில் இல்லை' என்பதாகும். சர்வர் செய்தியை அனுப்பி, அரை நொடி காத்து மீண்டும் அனுப்பும். பிறகு ஒரு நொடி, இரண்டு, நான்கு என இடைவெளியை இரட்டிப்பாக்கும். 32 நொடியில் கைவிடும். அவருடைய தொலைபேசி ஒரு சொல்கூடப் பேசவில்லை.

செயலற்ற கருவிக்குச் சர்வர் ஏன் அனுப்ப வேண்டும்? ஒவ்வொரு தொலைபேசியும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று குறித்த காலத்திற்குப் பதிவு செய்துகொள்கிறது. அங்கே அது ஒரு மணி நேரம். நடுவில் இணைப்பு அறுந்தாலும், காலம் முடியும்வரை சர்வர் அதை நம்பிக்கொண்டிருக்கும்.

மேசைக்கடியில் குனிந்து பார்த்தேன். கேபிள் முனையின் பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தது. நாற்காலி இடித்தால் கழன்றது, தட்டினால் சேர்ந்தது. புதுக் கேபிள் மாட்டினோம்.

மறுநாள் பதிவேட்டில் 100, 180, 200 என்று வரிசை வரிசையாக நின்றன. மேலாளர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அக்கா இன்றும் அங்கேதான் பணிபுரிகிறார்.