தேர்வு நாள் வயிற்றுவலி

தேர்வன்று காலையில் "வயிறு வலிக்குது டீச்சர்" என்று சில குழந்தைகள் வந்து நிற்பார்கள். நடிப்பு என்றே நானும் பல ஆண்டுகள் நினைத்தேன். பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, செரிமானம் தடுமாறுகிறது. வலி உண்மையானதே.

பொதுத்தேர்வில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் கைவிட்டது. வகுப்பறையில் நாமோ மதிப்பெண்ணை உரக்க வாசித்தே விடைத்தாளைத் தருகிறோம்.

இப்போது நான் தாளை மடித்துக் கொடுக்கிறேன். தவறிய கேள்வி ஒன்றை அருகில் அமர்ந்து மீண்டும் எழுதவைக்கிறேன். தேர்வுக்கு முன் 2 நிமிடம் மூச்சை மெதுவாக இழுத்து விடுகிறோம்.

வலி தொடர்ந்தால் பெற்றோரிடம் சொல்லி மருத்துவரிடம் காட்டச் செய்யுங்கள். குழந்தை பேசாமல் ஒதுங்கினால் 14417 எண்ணில் ஆலோசனை கேட்கலாம். எதற்கும் முன், குழந்தை சொல்வதை நம்புவோம்.