நீருக்கடியில் ஒரு சிறகு

உங்கள் வீட்டில் அகலமான தொட்டி ஒன்று இருக்கிறதா? அதில் நீரை நிரப்பி, ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலின் ஒரு முனையைப் பிடித்து நீருக்குள் படுக்கை வசமாக வையுங்கள். நீண்ட விளிம்பு முன்னால் வரட்டும். அந்த விளிம்பைச் சற்றே உயர்த்திக்கொண்டு அடிக்கோலை முன்னோக்கி நகர்த்துங்கள். யாரோ கையை மேலே தூக்குவது போல் தோன்றுகிறதல்லவா? இப்போது இன்னும் வேகமாக நகர்த்துங்கள். தூக்கல் திடீரெனப் பெருகிவிடும்.

சாய்ந்த அடிக்கோல் நீரைக் கீழே தள்ளுகிறது. நீர் அடிக்கோலை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிதான் இது. இந்த அடிக்கோலையே ஒரு பலகையின் அடியில், கம்பம் ஒன்றின் நுனியில் பொருத்தினால் ஹைட்ரோஃபாயில் கிடைத்துவிடும். பலகைமேல் நிற்பவர் போதிய வேகம் பெற்றதும் பலகை நீரைவிட்டு எழும்பிவிடும். பிறகு நீருக்குள் இருப்பவை மெல்லிய கம்பமும் சிறகுகளும் மட்டுமே. பெரிய முன்சிறகு ஆளைச் சுமக்கும். சிறிய பின்சிறகு ஆட்டம் காணாமல் நிலைநிறுத்தும்.

இந்த முன்சிறகு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று மாணவர்கள் சொல்வதுண்டு. அந்த விடை சரியா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கிரகாம் பெல்லின் ஏணி

தொலைபேசியால் நீங்கள் அறிந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், தம் முதுமையில் இந்தச் சிறகுகளில் ஈடுபட்டார். அவரும் கேசி பால்ட்வினும் உருவாக்கிய எச்.டி.-4 என்னும் படகு, 1919 செப்டம்பர் 9 அன்று கனடாவின் நோவாஸ்கோஷியாவில் மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து உலகச் சாதனை படைத்தது. அதில் சிறகுகள் ஏணிப்படிகள் போல் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. வேகம் கூடக் கூடப் படகு உயரும். மேற்படிகள் ஒவ்வொன்றாக நீரைவிட்டு வெளியேறும். அதாவது, வேகம் கூடினால் நீருக்குள் இருக்கும் பரப்பு தானாகவே குறைந்துவிடும்!

ஏன் குறைய வேண்டும்? விடை இந்தச் சூத்திரத்தில் உள்ளது:

தூக்கு விசை = ½ × நீரின் அடர்த்தி × வேகத்தின் வர்க்கம் × சிறகின் பரப்பு × தூக்குக் குணகம்

கடைசியாக உள்ள குணகம் சிறகின் வடிவத்தையும் சாய்வுக் கோணத்தையும் பொறுத்தது. நீரின் அடர்த்தி காற்றைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு. அதனால்தான் விமானத்திற்குப் பெரிய இறக்கை தேவைப்பட, இங்கே ஒரு முழ அகலம்கூட இல்லாத சிறகு ஓர் ஆளைத் தூக்குகிறது. வேகத்தின் வர்க்கத்தைக் கவனியுங்கள். வேகம் இருமடங்கானால் அதே எடையைத் தூக்கக் கால் பங்குப் பரப்பே போதும். பெல்லின் படகுக்கு ஏணி இருந்தது. பலகைமேல் நிற்பவருக்கோ ஒரே முன்சிறகுதான். எந்த வேகத்தில் பறக்கப் போகிறோம் என்பதை அவர் கரையிலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

குடையும் பட்டமும்

இன்று இரண்டு விளையாட்டுகளில் இத்தகைய சிறகு பயன்படுகிறது. ஒன்று விங் ஃபாயில். காற்றடைத்த ஒரு பாயை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு செல்வது அது. இதைக் கைப்பாய் என்போம். மற்றொன்று கைட் ஃபாயில். இதில் ஏறத்தாழ 20 மீட்டர் நீளக் கயிறுகளில் பறக்கும் பெரிய பட்டம் ஆளை இழுத்துச் செல்லும். 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் கைட் ஃபாயில் முதன்முறையாக இடம்பெற்றது. போட்டிகள் மார்செய் நகரக் கடலில் நடந்தன.

பலத்த காற்றில் குடையைப் பிடித்திருக்கிறீர்களா? அது உங்களைப் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் இழுக்கும். கைப்பாயும் அப்படியே. ஆள் மெதுவாகச் சென்றால் பாயும் மெதுவாகத்தான் செல்லும். எடையைச் சுமக்கும் பொறுப்பு ஏறத்தாழ முழுவதும் நீர்ச்சிறகின்மேல் விழும்.

மொட்டை மாடியில் பட்டம் விட்டவர்களுக்கு வேறோர் அனுபவம் உண்டு. நூல் கையை மேல்நோக்கியும் இழுக்கும். பட்டத்தைச் சட்டென்று ஒருபுறம் பாயவிட்டால் இழுப்பு திடீரெனக் கூடும். பலகை அசையாமல் கிடந்தாலும், பட்டம் மட்டும் வானில் விரைந்து பாய்ந்து பெரிய விசையை உண்டாக்க முடியும். ஆகவே கைட் ஃபாயிலில் ஆள் விரைவில் வேகம் பெறுகிறார். அவருடைய எடையில் ஒரு பகுதியையும் பட்டமே ஏற்றுக்கொள்கிறது.

கணக்கைப் போடுவோம்

ஆளும் கருவிகளும் சேர்ந்து 80 கிலோகிராம் என்க. எடை சுமார் 800 நியூட்டன். நீரைவிட்டு எழும் நேரத்தில் தூக்குக் குணகம் 0.8 என்றும், நீரின் அடர்த்தி கனமீட்டருக்கு 1000 கிலோகிராம் என்றும் கொள்வோம்.

கைப்பாய்க்காரர் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் எழ விரும்புகிறார். ஒரு சதுர மீட்டர் சிறகு தரும் விசை ½ × 1000 × 16 × 0.8 = 6400 நியூட்டன். தேவை 800. எனவே பரப்பு 1/8 சதுர மீட்டர், அதாவது 1250 சதுர செ.மீ.

பட்டக்காரர் விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் எழுகிறார். பட்டம் 400 நியூட்டன் விசையுடன், கிடைமட்டத்திற்கு 30 பாகை மேலாக இழுக்கிறது எனில், மேல்நோக்கிய கூறு 400 × ½ = 200 நியூட்டன். சிறகு சுமக்க வேண்டியது 600 நியூட்டன் மட்டுமே. ஒரு சதுர மீட்டருக்கு விசை ½ × 1000 × 36 × 0.8 = 14400 நியூட்டன். பரப்பு 1/24 சதுர மீட்டர், அதாவது சுமார் 417 சதுர செ.மீ. மூன்றில் ஒரு பங்கு!

கணக்கை எளிதாக்கப் பக்கவாட்டு விசைகளை விட்டுவிட்டோம். காற்று சற்றே தளரும்போதும், திரும்பும்போதும் வேகம் குறையும். அதற்கு ஈடாக நடைமுறையில் இதைவிடப் பெரிய சிறகையே தேர்ந்தெடுப்பார்கள். விங் ஃபாயில் கற்பவர்கள் 1500 முதல் 2000 சதுர செ.மீ. வரை உள்ள சிறகில் தொடங்குவது வழக்கம். கைட் ஃபாயிலில் பழகியவர்களுக்கு 500 முதல் 900 வரை போதுமானது. அளவு கூடினாலும் ஒப்பீடு மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மாற்றிப் பொருத்தினால்?

பட்டக்காரரின் 400 சதுர செ.மீ. சிறகைக் கைப்பாய்க்காரர் வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 800 நியூட்டனைத் தூக்க அவருக்கு விநாடிக்கு 7 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் வேகம் வேண்டும். பலகை நீரில் உராய்ந்துகொண்டிருக்கும்போது மிதமான காற்றில் அந்த வேகம் வருவது அரிது. பாயை எவ்வளவு வீசினாலும் பலகை எழாது. வீரர்களின் சிறகைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கும் புதியவருக்குக் கிடைப்பது கைவலி மட்டுமே.

எதிர்மறையான பிழையோ ஆபத்தானது. 1250 சதுர செ.மீ. சிறகுடன் பட்டக்காரர் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தை எட்டினால், அதே சாய்வில் தூக்கு விசை 3200 நியூட்டன். எடையைப்போல் நான்கு மடங்கு! முன்காலில் எடையைப் போட்டுச் சாய்வைக் குறைத்தாக வேண்டும். அப்போதும் சாய்வில் நேரும் சிறு தவறு ஒவ்வொன்றும் முன்னைவிட நான்கு மடங்கு விசையாகத் திரும்பி வரும். சிறகு ஒரு கணம் நீர்மட்டத்தைக் கிழித்து வெளியே வந்தால் அதன் மேற்பரப்பில் காற்று புகும். தூக்கு விசை சட்டென மறையும். ஆள் தலைகுப்புற விழுவார். அருகில் இருப்பதோ கூரிய விளிம்புடைய சிறகு. தலைக்கவசமும் மிதவை அங்கியும் அணிய வேண்டியதன் காரணம் இதுதான்.

நீளமா, அகலமா?

பரப்பு மட்டும் போதாது, வடிவமும் வேண்டும். 1200 சதுர செ.மீ. பரப்புள்ள இரண்டு சிறகுகளை எண்ணிப் பாருங்கள். ஒன்றின் நீளம் 80 செ.மீ., மற்றொன்றின் நீளம் 110 செ.மீ. நீளத்தின் வர்க்கத்தைப் பரப்பால் வகுத்தால் முதலாவதற்கு 5.3, இரண்டாவதற்கு 10.1 கிடைக்கும். இது நீள விகிதம்.

சிறகின் கீழே அழுத்தம் அதிகம், மேலே குறைவு. எனவே நுனிகளைச் சுற்றி நீர் மேலே நழுவிச் சுழலும்; ஆற்றல் வீணாகும். நீண்டு ஒடுங்கிய சிறகில் இந்த இழப்பு குறைவு. கடலின்மேல் நெடுந்தூரம் மிதந்து செல்லும் ஆல்பட்ராஸ் பறவைக்கு நீண்ட ஒடுங்கிய இறக்கைகள் இருப்பதை நினைவுகொள்ளுங்கள். ஆனால் சட்டென வளைந்து திரும்பும் சிட்டுக்குருவியின் இறக்கை குட்டையானது. அலைகளில் வளைந்தாட விரும்புபவருக்கும், கற்றுக்கொள்பவருக்கும் குட்டையான சிறகே இணக்கமானது. நெடுந்தூரம் வழுக்கிச் செல்லவும் பந்தயத்திற்கும் நீண்ட சிறகு. அவ்வாறே, தடித்த சிறகு குறைந்த வேகத்தில் நன்கு தூக்கும். மெல்லியது அதிக வேகத்தில் குறைந்த தடையுடன் செல்லும். ஆகவே கைப்பாய்க்குத் தடித்ததும், பட்டத்திற்கு மெல்லியதும் பொருந்தும்.

இனி யாரேனும் உங்களிடம் எந்தச் சிறகு நல்லது என்று கேட்டால் உடனே விடை சொல்லாதீர்கள். உங்கள் எடை என்ன, எந்த வேகத்தில் எழப் போகிறீர்கள், எடையில் பங்கு கொள்ளப் பட்டம் உண்டா என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். அவற்றுக்கு விடை தெரிந்தால் மற்றதைச் சூத்திரமே சொல்லிவிடும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: ஒரு மாணவியும் கருவிகளும் சேர்ந்து 60 கிலோகிராம். அவள் கைப்பாயுடன் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் எழ வேண்டும். குணகம் 0.8 எனில் அவளுக்கு எத்தனை சதுர செ.மீ. சிறகு தேவை? விடை ஆயிரத்திற்குச் சற்றுக் குறைவாக வந்தால், நீங்கள் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.