வழி கேட்கும் கணக்கும் வழி தவறும் கோடும்

கொச்சியில் குடியேறிய தமிழர் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. இங்கே கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் காலுக்கு எட்டுவதில்லை. ஃபோர்ட் கொச்சிக் கரையில் நின்றால் எதிரே வைப்பின் தெரியும். நடுவில் ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத தண்ணீர்தான். ஆனால் சாலையிலேயே போவதென்றால் தோப்பும்படி, வெல்லிங்டன் தீவு, எறணாகுளம் என்று சுற்றி, 2004-இல் திறந்த கோஸ்ரீ பாலங்கள் ஏறிப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். இல்லையென்றால் 2018-இல் தொடங்கிய ரோ-ரோ படகில் வண்டியை ஏற்ற வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு கம்ப்யூட்டரிடம் வழி கேட்டால் என்ன பதில் வரும், அது தப்பாக வந்தால் தப்பு எங்கே என்று பிடிப்பது எப்படி என்பதே இக்கட்டுரை.

எழுத நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பொன்னூர் மலை, திருமலை, மேல்சித்தாமூர் ஆகிய எங்கள் சமணத் தலங்களுக்கு வயதானவர்கள் இருபது பேரை வேனில் அழைத்துப் போக ஏற்பாடு. எங்கே நிறுத்துவது, எத்தனை மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட, கல்லூரியில் படிக்கும் என் பேத்தி 'ஆர்' மொழியில் நிரல் எழுதினாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்டேன். ஆர் என்பது புள்ளியியல் கணக்குக்கான இலவசக் கணினி மொழி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் உருவாக்கியது. அதன் முதல் முழுப் பதிப்பு 2000 பிப்ரவரி 29-இல் வெளிவந்தது. கணக்கோடு படமும் வரையும் என்பது அதன் சிறப்பு.

நான்கு ஏடுகள்

வழி கேட்கும் நிரலுக்கு வேலை நான்கு. முதலில், புறப்படும் இடத்தையும் சேருமிடத்தையும் சொல்லி, கூகுள் போன்ற ஒரு சேவையிடம் கேள்வி அனுப்புவது. இரண்டு, வந்த பதிலை வாங்குவது. மூன்று, பதிலில் சுருக்கி வைத்திருக்கும் பாதையைப் புள்ளிகளாக அவிழ்ப்பது. நான்கு, அந்தப் புள்ளிகளை வரைபடத்தின் மேல் கோடாக இழுப்பது.

கடை வைத்தவர்களுக்கு இது புதிதல்ல. சிட்டை, குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்று நம்ம கணக்கும் நான்கு படிதானே! ஐந்தொகை இடித்தால் அதிலேயே அடித்துத் திருத்துகிறவன் வியாபாரி ஆகமாட்டான். சிட்டையிலிருந்து ஒவ்வொரு வரியாக வர வேண்டும். நிரலிலும் அப்படியே. ஒவ்வொரு படியிலும் கைக்கு வந்ததைத் திரையில் அச்சிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போனால் பாதித் தொல்லை தீர்ந்தது.

கேள்வியில் வரும் தப்பு

சில வருஷத்துக்கு முன் ஓடிய நிரல் இன்று 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று சொன்னால் நிரலைக் குறை சொல்லாதீர்கள். 2018-ன் நடுவிலிருந்து கூகுளின் இந்தச் சேவைக்குச் சாவி வேண்டும். சாவியோடு பணம் செலுத்தும் கணக்கும் இணைந்திருக்க வேண்டும். 2025 மார்ச்சில் அந்த வழிகாட்டிச் சேவையே பழையது என்ற பட்டியலுக்குப் போய்விட்டது. ஆகவே அந்தச் சாவியில் எந்தச் சேவை திறந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது பெயர்க் குழப்பம். ஜப்பானில் ஷிகோகு தீவிலும் ஒரு கோச்சி நகரம் உண்டு. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றே. 'திருமலை' என்று மட்டும் கொடுத்தால் திருப்பதிக்கு மேலே உள்ளதா, திருவனந்தபுரத்தில் உள்ளதா, போளூர் அருகே 16 அடிக்கு மேல் உயர்ந்து நேமிநாதர் நிற்கும் எங்கள் திருமலையா? எந்திரம் பிரபலமானதைப் பிடித்துக்கொள்ளும். வட்டம், மாவட்டம், மாநிலம் எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். அதைவிட நல்லது, அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையே கொடுப்பது.

எண்களிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கூகுள் சேவைக்கு அட்சம் முன்னால், தீர்க்கம் பின்னால். ஓ.எஸ்.ஆர்.எம். என்ற இலவச வழிகாட்டிக்குத் தீர்க்கம்தான் முன்னால். மட்டாஞ்சேரி ஏறக்குறைய 9.96 வடக்கு, 76.26 கிழக்கு. இதை மாற்றிப் போட்டால் நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே பனிக்கடலில் போய் விழும். "தாத்தா, நம்ம வீடு ஐஸுக்குள்ள போயிடுச்சு" என்று பேத்தி சிரித்தாள். புள்ளி துருவத்துப் பக்கம் போனால் எண்கள் இடம் மாறிவிட்டன என்று அர்த்தம்.

அவிழ்ப்பதில் வரும் தப்பு

பதிலில் பாதை நேரடியாக வருவதில்லை. ரகசிய எழுத்துப் போல ஒரே நீள வரியாக வரும். சில சேவைகள் ஐந்து தசம இலக்கத்திலும் சில ஆறிலும் சுருக்குகின்றன. ஐந்தில் சுருக்கியதை ஆறு என்று எண்ணி அவிழ்த்தால் எல்லா எண்ணும் பத்தில் ஒரு பங்காகும். கொச்சி 0.996, 7.626 என்று ஆகி, மேற்கு ஆப்பிரிக்காவின் கினி வளைகுடாவில் மிதக்கும். மாறாக, ஆறில் சுருக்கியதை ஐந்து என்று அவிழ்த்தால் அட்சம் 99.6 என்று வரும். அட்சம் 90-ஐத் தாண்டாது என்பது பள்ளிப் பாடம்.

வரைவதில் வரும் தப்பு

எங்களை அதிகம் அலைக்கழித்தது இதுதான். கோடு மட்டாஞ்சேரியிலிருந்து காயல் மேல் குறுக்கே பறந்தது! ஆரில் 'ஜிஜிமேப்' என்ற தொகுப்பில் 'ரூட்' என்ற கட்டளை, வண்டி திரும்ப வேண்டிய இடங்களை மட்டும் தரும். அவற்றை இணைத்தால் வளைவெல்லாம் நேர்கோடாகிவிடும். சாலையின் முழு வளைவும் வேண்டுமானால் 'ட்ரெக்' என்ற கட்டளை போட வேண்டும். ஆனால் தண்ணீர் மேல் போகிற கோடெல்லாம் தப்பு என்றும் எண்ண வேண்டாம். ஓ.எஸ்.ஆர்.எம். படகுத் துறையையும் வழியாகக் கொள்ளும். வைப்பினுக்குக் கேட்டால் ரோ-ரோவில் ஏற்றிவிடலாம். கூடவே வரும் வழிக்குறிப்பைப் படித்தால் எது எதுவென்று தெரியும்.

இன்னொரு வேடிக்கை. தேசிய நெடுஞ்சாலை 544 அங்கமாலியிலிருந்து மண்ணுத்திக்குப் போகையில் மேற்கே சாய்ந்து, பிறகு பாலக்காட்டை நோக்கிக் கிழக்கே திரும்புகிறது. 'லைன்' என்ற கட்டளையால் வரைந்தால் அது புள்ளிகளை மேற்கிலிருந்து கிழக்காக அடுக்கிவிட்டு இணைக்கும். விளைவு, கொச்சிக்கும் திருச்சூருக்கும் நடுவே ரம்பப் பல் போல மேலும் கீழும் கோடு. 'பாத்' என்ற கட்டளை புள்ளிகளை வந்த வரிசையிலேயே இணைக்கும். அதுதான் வழிக்கு ஏற்றது. கோடு பாதியில் அறுந்தால், பின்னால் விரித்த படம் சிறியது. படத்துக்கு வெளியே விழும் புள்ளிகள் விட்டுப்போகும்.

கடைசியாக ஒரு தணிக்கை. மட்டாஞ்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 400 கிலோமீட்டர். சாலைத் தூரம் அதைவிடக் குறைவாக வந்தால் எங்கோ பிசகு. வரைபடத் தரவின் வயதையும் பாருங்கள். 2021-க்கு முந்தைய தரவை இறக்கி வைத்திருந்தால் குதிரான் சுரங்கப்பாதை அதில் திறந்தே இருக்காது.

கோடு சரி, சாலை?

இத்தனையும் சரியாகி, கோடு அழகாக விழுந்தது. ஆனாலும் கட்டுரையை இங்கே முடிக்க மனம் வரவில்லை. 2023 அக்டோபர் 1 அதிகாலை, கொட்டும் மழையில், நம்ம எறணாகுளம் மாவட்டத்துக் கோத்துருத்தில் ஒரு கார் பெரியாற்றில் இறங்கி இரண்டு இளம் டாக்டர்கள் இறந்தார்கள். உடனிருந்த மூவர் பிழைத்தார்கள். கைப்பேசி காட்டிய வழியில் வந்தவர்கள் திருப்பத்தைத் தவறவிட்டு நேரே போனதாகச் செய்திகள் சொல்லின. 2024 மே மாதம் கோட்டயம் மாவட்டம் குறுப்பந்தறை அருகே ஹைதராபாத் பயணிகளின் கார் ஓடையில் மூழ்கியது. நல்லவேளை, நால்வரும் தப்பினார்கள். நிரலின் தப்பை நிரலில் தேடலாம். இருட்டும் வெள்ளமும் எந்த நிரலிலும் இல்லை.

சமண முனிவர்க்கு விதித்த ஐந்து சமிதிகளில் முதலாவது ஈரியா சமிதி. முன்னால் நான்கு முழத் தரையைக் கண்ணால் பார்த்து, எந்த உயிருக்கும் தீங்கு வராமல் அடி எடுத்து வைப்பது. வழி தெரிந்தவருக்கும் இந்த விதியில் விலக்கு கிடையாது. எங்கள் யாத்திரைக்கு நாங்கள் செய்த முடிவும் இதுவே: கோட்டை அச்சடித்து டிரைவர் கையில் கொடுத்தோம், மழை நாளை ஒதுக்கினோம், இரவு ஓட்டம் வேண்டாம் என்றோம், தெரியாத கிளைச் சாலையில் வண்டியை நிறுத்தி ஊர்க்காரரைக் கேட்பது என்று வைத்துக்கொண்டோம்.

நம்ம பிள்ளைகள் காக்கநாட்டிலும் பெங்களூரிலும் இந்த வேலையைத்தான் செய்கிறார்கள். அவர்கள் வரையும் கோட்டை நம்பி யாரோ ஒருவர் ராத்திரியில் வண்டி ஓட்டுவார். அதை நினைத்து ஒவ்வொரு புள்ளியையும் சரிபார்க்கட்டும். நாமும் திரையை நம்புமுன் தரையைப் பார்ப்போம்.