நாடக மேடைக்கு "ரிலே" காவல்!

மேடையில் மின்னல் வெட்ட வேண்டும். மறுநொடி இருள் சூழ வேண்டும். கதாநாயகி அலறும்போது சிவப்பு விளக்கு மட்டும் எரிய வேண்டும்.

மும்பையில் நம்மவர்கள் நாடகம் போட்டால், இந்த ஜாலம் எல்லாம் திரைக்குப் பின்னால் நிற்கும் ஒருவர் கையில்தான். பகலில் பட்டறை வேலை. இரவில் விளக்குப் பொறுப்பு. பலகை நிறைய சுவிட்சுகள், ஒட்டுப்போட்ட ஒயர்கள். அத்தனையிலும் 230 வோல்ட்! வேர்த்த கை பட்டால் உயிருக்கே ஆபத்து.

"டிக்" என்ற ஓசை

இந்த ஆபத்தைக் குறைக்கும் சிறு கருவிதான் ரிலே. உள்ளே ஒரு கம்பிச்சுருள். அதற்கு 12 வோல்ட் கொடுத்தால் காந்தமாகித் தகட்டை இழுக்கும். "டிக்" என்று தொடுமுனைகள் சேரும், விளக்கு எரியும். பொத்தானில் இருப்பது 12 வோல்ட் மட்டுமே. 230 வோல்ட் மூடிய பெட்டிக்குள் அடங்கிவிடும். 12 வோல்ட்டைப் பாட்டரியிலிருந்து எடுப்பது நல்லது.

டிரான்சிஸ்டர் மூலம் ரிலேயை இயக்கினால், சுருளின் குறுக்கே ஒரு டயோடை எதிர்த்திசையில் இணைக்க வேண்டும். இல்லையேல் ரிலே அணையும்போது சுருளில் எழும் எதிர் அழுத்தம் டிரான்சிஸ்டரைத் தீர்த்துவிடும். லாமிங்டன் ரோடு கடைகளில் சில ரூபாய்க்கு டயோடு கிடைக்கும்.

ரயில்வே பாடம்

ஒரு வண்டிக்கு வழி விட்டால், அதனோடு மோதக்கூடிய வண்டிக்கு வழி தராமல் தடுப்பதும் ரிலேக்களே. அதே யுக்தி மேடைக்கும் உதவும். "பகல்" ரிலேயின் முனை வழியாக "இரவு" ரிலேக்கு மின்சாரம் விட்டால், இரண்டும் ஒருசேர எரியாது.

ஏமாறக் கூடாத இடம்

1,000 வாட் இழை பல்பு எரியும்போது சுமார் 4.5 ஆம்பியர் எடுக்கும். குளிர்ந்த இழையோ, போட்ட கணத்தில் 10 மடங்கு வரை இழுக்கும். 5 ஆம்பியர் ரிலே போதும் என்று நினைத்தால் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். இருள் வேண்டிய காட்சியில் விளக்கு அணையவே அணையாது! எனவே பல மடங்கு தாங்கும் ரிலே தேவை. பேஸ் கம்பியையே ரிலே துண்டிக்க வேண்டும். ஒவ்வொரு விளக்குக்கும் தனி பியூஸ், இரும்புப் பெட்டிக்கு எர்த் அவசியம்.

1959-ல் கல்கத்தா மினர்வா அரங்கில், உத்பல் தத்தின் "அங்கார்" நாடகத்தில், சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறுவதை ஒளியாலேயே காட்டினார் தபஸ் சென். ஒளிக்கு அத்தனை வலிமை!

கைதட்டல் நடிகருக்குக் கிடைக்கட்டும். விளக்குக்காரர் பத்திரமாக வீடு திரும்பட்டும்.